முத்திரை மெய், நகை பொய்: ஓர் ஆரத்தின் நிகழ்வு ஆய்வு

தங்க நகையில் போலி ஹால்மார்க் முத்திரையைக் கண்டுபிடிக்க வழிகள் பல இருக்கின்றன. உண்மையான முத்திரையை எடுத்து, மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை அளவு, குறைந்த நகையில் பற்றவைத்துவிட்டால் என்ன செய்வது? காங்கேயம் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகை மதிப்பீட்டாளராக இருக்கிறேன். 2024 ஆடியில் இந்தக் கேள்வி ஓர் ஆரமாக என் மேசைக்கு வந்தது. அடகு நகை பார்ப்பவர்களுக்கும் நகை வாங்கப் போகிறவர்களுக்கும் உதவும் என்பதால் நடந்ததை முழுமையாக எழுதுகிறேன். அந்தக் குடும்பத்தின் அடையாளத்தையும் கடையின் பெயரையும் வெளியிடவில்லை.

மேசைக்கு வந்த ஆரம்

ஆடிப்பட்டம் நெருங்கினால் எங்கள் பகுதியில் நகைக்கடனுக்குக் கூட்டம் கூடிவிடும். விதை, உழவுக் கூலி, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து கழற்றிய மோட்டாருக்குக் காயில் கட்டும் செலவு என எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். பயிர்க்கடன் கைக்கு வர நாளாகும். நகையைக் கொடுத்தால் அன்றைக்கே பணம். வீட்டுப் பெண்களின் கழுத்துதான் கொங்கு நாட்டு விவசாயத்துக்கு அவசரக் கருவூலம் என்று சொன்னால் மிகையில்லை.

இந்த ஆரத்தைக் கொண்டுவந்த அம்மாவும் அப்படித்தான் வந்தார். முந்தைய ஆண்டு மகள் திருமணத்துக்குத் தாய்மாமன் சீராக எடுத்துக்கொடுத்த ஐந்து பவுன் ஆரம். மகளே கழற்றிக் கொடுத்து அனுப்பியிருந்தாள். நகை பார்வைக்கு நன்றாக இருந்தது. நிறத்தில் குறை சொல்ல முடியாது. கொக்கியை ஒட்டி ஒரு சிறு தகடு. அதில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோணச் சின்னம், அடுத்து 22 காரட், ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்று சொல்லும் 22கே916, அதற்கடுத்து எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு. மூன்றும் லேசரில் பொறித்தவை, தெளிவாகப் படிக்க முடிந்தது.

எந்த நகையானாலும் இரண்டு இடத்திலாவது உரைத்துப் பார்ப்பது என் வழக்கம். முத்திரைக்குப் பக்கத்தில் ஓர் உரை, அதிலிருந்து விலகி நகையின் நடுப்பகுதியில் ஓர் உரை. கறுப்பு உரைகல்லில் இரண்டு கோடுகளையும் அருகருகே இழுத்து, மாற்றுத் தெரிந்த தங்கத் துண்டால் மூன்றாவது கோட்டையும் இழுத்துவிட்டு, அமிலத்தை ஒரே வீச்சில் மூன்றின் மீதும் தடவினேன். மாற்று அதிகமான தங்கத்தின் கோடு அமிலத்தில் அப்படியே நிற்கும். செம்பும் துத்தநாகமும் கூடிய கோடு மங்கி, ஓரம் கரைந்து, பச்சை கலந்த பழுப்பாகும். தகட்டருகே இழுத்த கோடு நின்றது. நடுக் கண்ணியில் இழுத்த கோடு கண்ணெதிரே மங்கியது.

கண்ணிகளைச் சேர்க்கும் பற்றுவைப்பில் மாற்று சற்றுக் குறைவது உண்டு. அதனால் பற்று இல்லாத இடமாகத் தேடி, ஒரு பதக்கத்தின் பின்முதுகில் மீண்டும் உரைத்தேன். அங்கேயும் அதே நிலைதான்.

“இந்த ஆரம் எங்கே எடுத்தது, அம்மா?” என்று கேட்டேன்.

“என் தம்பி எடுத்துக்கொடுத்தது. ஏன் அண்ணா, ஏதாவது குறையா?”

மறுபடி உரைத்துப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, “தம்பி காதுக்கு இது போகக் கூடாது அண்ணா. சீர் செய்தவனுக்குத் தலைகுனிவு” என்றார். பணம் போன கவலை அவர் வாயிலிருந்து இரண்டாவதாகத்தான் வந்தது. நகை மோசடிகள் பல இந்த இடத்திலேயே புதைந்துபோகின்றன. சீராக வந்த நகையைச் சோதிப்பது, கொடுத்தவரைச் சந்தேகிப்பது போலாகிவிடுகிறது. நகையில் குறை வைத்தவனுக்கு இந்தக் கூச்சம் பெரிய பாதுகாப்பு.

செயலி காட்டிய பதிவு

தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை இந்தியாவில் 2000ஆம் ஆண்டு வந்தது. அப்போது அது கடைக்காரரின் விருப்பம். 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் கட்டாயமாக்கப்பட்டது. கோயம்புத்தூர் அந்த முதல் பட்டியலிலேயே இருந்தது. 2021 ஜூலை முதல் ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாக ஆறு இடக் குறியீடு வழங்கப்படுகிறது. ஹெச்யூஐடி என்று கடைகளில் சொல்வது இதைத்தான். இந்தக் குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கும், ஆண்டு வணிகம் ரூ. 40 லட்சத்தைத் தாண்டாத கடைகளுக்கும், குந்தன், போல்கி போன்ற சிலவகை நகைகளுக்கும் விலக்கு உண்டு.

முன்பு நகையில், அதைச் சோதித்து முத்திரையிட்ட ஹால்மார்க் மையத்தின் அடையாளமும் கடையின் அடையாளமும் தனித்தனியாகப் பொறிக்கப்பட்டன. இப்போது அந்த விவரங்களெல்லாம் குறியீட்டுக்குப் பின்னால் கணினியில் இருக்கின்றன. தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் என்ற கைபேசிச் செயலியில் ஆறு இடங்களையும் தட்டினால் முத்திரை பெற்ற நகைக்கடை, முத்திரையிட்ட மையம், நாள், மாற்று, நகையின் வகை ஆகியவை திரையில் வரும்.

ஆரத்தின் குறியீட்டைத் தட்டினேன். பதிவு வந்தது. மாற்று 22கே916 என்றே இருந்தது. மையத்தின் பெயரும் நாளும் சரியாகவே இருந்தன. வகை என்ற வரியில் ‘மோதிரம்’ என்று இருந்தது. கடையின் பெயரும் இவர்கள் வாங்கிய கடையின் பெயரில்லை.

செயலியில் குறியீடு சரிபார்ப்பவர்களில் பெரும்பாலோர் பதிவு வந்ததுமே நிறுத்திக்கொள்கிறார்கள். 916 என்று வந்துவிட்டது, எண் உண்மையானது, போதும் என்று கைபேசியைப் பையில் போடுகிறார்கள். இந்த ஆரத்தை வாங்கும்போதும் அதுதான் நடந்திருக்கிறது. கடை விற்பனையாளரே செயலியைத் திறந்து, மாற்று வரியைச் சுட்டிக்காட்டி, “பாருங்கள், அரசாங்கமே சொல்கிறது” என்று தாய்மாமனிடம் காட்டியதாகப் பின்னர் தெரிந்தது. வகை வரி அதற்கு இரண்டு விரற்கடை தள்ளித்தான் இருந்திருக்கும்.

லென்ஸில் தெரிந்தது

எண் மட்டும் நகலா, தகடே வேறிடத்திலிருந்து வந்ததா என்று பார்க்க வேண்டியிருந்தது. எண்ணை நகலெடுத்துப் புதிதாகப் பொறிப்பது ஒருவகை மோசடி. அதற்கு லேசர் இயந்திரம் வேண்டும். கோவையில் நகைப் பட்டறைகளுக்குக் குறைவில்லை, இயந்திரத்துக்கும் குறைவில்லை. ஆனால் இங்கே தகட்டருகே உரைத்த கோடு அமிலத்தில் நின்றதே, அது வேறு கதையைச் சொன்னது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். எனக்கு நெடுநாள் பழக்கமான ஆசாரி ஒருவரையும் வரவழைத்து, அந்த அம்மாவின் எதிரிலேயே பார்க்கச் சொன்னேன். அவர் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். கொக்கியோடு சேரும் விளிம்பில் மயிரிழை அகலத்துக்குப் பற்றுக்கோடு ஓடியது. அதன் மஞ்சள் இரு பக்கத்து மஞ்சளோடும் சேரவில்லை. தகட்டின் மேற்பரப்பில் மெருகுக் கீறல்கள் ஒரு திசையில் ஓடின. கொக்கியில் வேறு திசையில் ஓடின. “இது வளைந்திருந்து நிமிர்த்தியது” என்றார் ஆசாரி. நகத்தால் தடவிக் காட்டினார். தகட்டின் நடுவில் மிக லேசான குழிவு இருந்தது. மோதிரத்தின் உள்வளையத்தில் பொறித்த முத்திரையை வெட்டியெடுத்து, தட்டி நிமிர்த்தி, ஆரத்தின் கொக்கியில் பற்றவைத்திருந்தார்கள்.

இதைச் செய்தவருக்கு என்ன செலவு? ஒரு நகைக்கு ஹால்மார்க் கட்டணம் ரூ. 45, அதற்குமேல் வரி. மோதிரத்தின் எஞ்சிய தங்கம் உருக்குக் கிண்ணத்துக்குத் திரும்பிவிடும். ஆக, அரசு அங்கீகாரம் பெற்ற ஒரு முத்திரை அவருக்கு நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிட்டது. வரவையும் பார்ப்போம். ஐந்து பவுன் என்பது 40 கிராம். 916 மாற்றில் அதில் 36.64 கிராம் சுத்தத் தங்கம் இருக்க வேண்டும். 750 மாற்றில், அதாவது 18 காரட்டில், இருப்பது 30 கிராம். குறைவது 6.64 கிராம். அப்போதைய விலையில் அது 40 ஆயிரம் ரூபாயைத் தாண்டும். செய்கூலி, சேதாரம் என்று 22 காரட் கணக்கில் வாங்கியது இதற்கு மேல்.

நெருப்புச் சோதனை

உரைகல்லும் லென்ஸும் எனக்குப் போதும். கடைக்காரரிடமும் நுகர்வோர் ஆணையத்திடமும் அவை செல்லாது. அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தின் அறிக்கை வேண்டும். பொதுமக்கள் தங்கள் நகையை அங்கே நேரடியாகக் கொடுத்துச் சோதிக்கலாம். நான்கு நகை வரை ரூ. 200 கட்டணம், அதற்கு மேல் போனால் நகைக்கு ரூ. 45. கடையின் வழியாகத்தான் போக வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தேவையில்லை.

மையத்தில் முதலில் எக்ஸ்ரே கதிர் இயந்திரத்தில் வைப்பார்கள். கதிர் பட்டதும் ஒவ்வோர் உலோகமும் தனக்கே உரிய அலையில் திருப்பி ஒளிரும். அதை அளந்து விழுக்காடு சொல்லும். நகைக்குச் சேதமில்லை, சில நிமிடத்தில் முடியும். ஆனால் அந்தக் கதிர் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கோடு நின்றுவிடும். தடித்த முலாம் பூசியிருந்தால் இயந்திரம் முலாமின் மாற்றைத்தான் சொல்லும்.

உள்ளே இருப்பதை அறிய நெருப்புச் சோதனை வேண்டும். நகையிலிருந்து சுரண்டியெடுத்த சிறு துணுக்கை எடைபோட்டு, அளவான வெள்ளியோடு ஈயத் தாளில் சுருட்டி, நுண்துளைகள் நிறைந்த சிறு கிண்ணத்தில் வைத்து ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். ஈயம் உருகி, செம்பையும் துத்தநாகத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு கிண்ணத்தின் துளைகளில் இறங்கிவிடும். மேலே ஒரு மணி போல மிஞ்சுவது தங்கமும் வெள்ளியும். அதைத் தட்டித் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்து போகும். மிஞ்சிய தங்கத்தை மீண்டும் எடைபோடுவார்கள். இரண்டு எடைகளின் விகிதம்தான் மாற்று. நூற்றாண்டுகளாக நடந்துவரும் சோதனை. இன்றைக்கும் வழக்கு என்று வந்தால் இறுதிச் சொல் இதுதான்.

சுரண்டல் என்றதும் அந்த அம்மா தயங்கினார். கல்யாண நகையில் கத்தி படக் கூடாது என்பது அவர் எண்ணம். மகளிடம் பேசினோம். “அம்மா, அது முதலில் தங்கமா என்று தெரியட்டும்” என்று அவள் சொன்னதில் காரியம் நடந்தது. அறிக்கை வந்தது. தகட்டின் மாற்று 916க்குச் சற்று மேலே. கண்ணிகளும் பதக்கங்களும் 750ஐ ஒட்டி. முகப்பில் மட்டும் மேல்முலாம் கொடுத்து நிறத்தைச் சரிசெய்திருந்தார்கள்.

முந்நூறு ஆண்டுத் தந்திரம்

இந்தத் தந்திரம் புதிதென்று நினைத்தால் தவறு. இங்கிலாந்தில் 1720 முதல் வெள்ளிப் பாத்திரங்களுக்கு அவுன்சுக்கு 6 பென்ஸ் வரி விதித்தார்கள். சோதனைச் சாலையில் எடைபோட்டு, வரி வாங்கிக்கொண்டு முத்திரை குத்துவார்கள். வெள்ளிக் கொல்லர்களில் சிலர் சின்னஞ்சிறு தட்டு ஒன்றை அனுப்பிக் குறைந்த வரியில் முத்திரை பெற்று, அந்த முத்திரைப் பகுதியை வெட்டிப் பெரிய கெண்டியின் அடியில் பற்றவைத்தார்கள். பெரிய பாத்திரத்துக்கு வரியும் கட்டவில்லை, தரச் சோதனையும் நடக்கவில்லை. அப்படிப்பட்ட பாத்திரங்கள் இன்றும் பழம்பொருள் சேகரிப்பாளர்களிடம் அகப்படுகின்றன. மூச்சுக்காற்றை ஊதிப் பார்த்தால் முத்திரையைச் சுற்றிப் பற்றுக்கோடு தெரியும் என்பார்கள். அந்த வரி 1758இல் நீக்கப்பட்டது. 1784இல் வரி திரும்பி வந்தபோது, செலுத்தியதற்கு அடையாளமாக அரசரின் தலை உருவத்தைத் தனி முத்திரையாகக் குத்தினார்கள். அது 1890 வரை நீடித்தது.

வரி முத்திரையும் தர முத்திரையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் தம்மைத் தாங்கும் பொருளைப் பற்றி ஒரு வாக்குக் கொடுக்கின்றன. பொருளிலிருந்து பிரித்தெடுக்க முடிந்தால் வாக்கு வேறு பொருளுக்குப் போய்விடுகிறது. வரி முத்திரைக்காரர்கள் இந்தப் பாடத்தை நகைக்காரர்களைவிட முன்னதாகவே கற்றார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தியாவில் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தீப்பெட்டிக்கு ஆயத்தீர்வை வந்தபோது வரி செலுத்தியதற்கான பட்டையைப் பெட்டியின் மேல் ஒட்டினார்கள். மதுப் பாட்டிலின் மூடிக்கு மேல் ஹாலோகிராம் ஒட்டுவதும் அதே எண்ணத்தில்தான். மூடியைத் திருகும்போது அது கிழிந்துவிட வேண்டும். காலிப் பாட்டிலில் கலப்படச் சரக்கை நிரப்புகிறவர் புதிய ஹாலோகிராமுக்கு அலைய வேண்டும். அதனால்தான் போலி மது ஆலை பிடிபடும்போதெல்லாம் பறிமுதல் பட்டியலில் போலி ஸ்டிக்கர் சுருள்களும் இருக்கின்றன. நீலகிரியில் 2022இல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி தொடங்கிப் பிறகு கோவைக்கும் வந்த காலிப் பாட்டில் திரும்பப் பெறும் திட்டம் காட்டையும் வயலையும் காக்க வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் வைத்து மீட்டெடுப்பதால், போலி ஆலைக்குப் போகும் நல்ல பாட்டில்களும் குறையும் என்பது என் கணிப்பு.

ஹாலோகிராமை மட்டும் நம்புவதையும் உலகம் கடந்துவிட்டது. கண்ணால் பார்த்ததும் தெரியும் நிறமாற்றம், புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் மை, ஆய்வகத்தில் மட்டும் பிடிபடும் வேதிக்குறி என அடுக்கடுக்காக வைக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு முத்திரைக்கும் தனி எண். கலிபோர்னியா 2005இல் சிகரெட் பெட்டிகளில் மறைகுறியீட்டு வரி முத்திரையைக் கொண்டுவந்தது. சட்டவிரோதப் புகையிலை வணிகத்தை ஒழிப்பதற்கான பன்னாட்டு நெறிமுறை 2012இல் சியோலில் ஏற்கப்பட்டு 2018 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. பெட்டிகளுக்குத் தனி அடையாளம் இட்டு வழிநெடுகப் பின்தொடர வேண்டும் என்பது அதன் மையம். இந்தியாவும் அதில் இணைந்திருக்கிறது. ஆயத்தீர்வை முத்திரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கே ஐஎஸ்ஓ 22382 என்ற வழிகாட்டி 2018இல் வந்துவிட்டது.

தனி எண்ணின் பலம், அது எங்கெல்லாம் விசாரிக்கப்படுகிறது என்பதைக் கணினி அறியும் என்பதில் இருக்கிறது. ஒரே மோதிரத்தின் எண் ஒரே வாரத்தில் சேலத்திலும் பொள்ளாச்சியிலும் கரூரிலும் தட்டப்பட்டால் அந்த எண் நகலாகிச் சுற்றுகிறது என்று பொருள். எண்ணை நகலெடுக்கும் மோசடிக்கு இது நல்ல மருந்து. தகட்டைப் பெயர்த்து ஒட்டும் மோசடிக்கு இதுவும் போதாது. ஏனென்றால் எண் ஒன்றுதான், தகடும் ஒன்றுதான், நகை மட்டுமே வேறு. அங்கே எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பதிவு பொருளின் உடலை விவரிக்க வேண்டும்.

நம் பக்கத்துத் துணி வணிகத்திலும் இதே ஓட்டை இருக்கிறது. சிறுமுகையில் நெய்த மென்பட்டுச் சேலையில் பட்டு முத்திரை அட்டை நூலில் கட்டித் தொங்குகிறது. நூலை அறுத்து வேறு சேலையில் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்து ஆண்டுகள் பல ஆகியும் விசைத்தறி விரிப்பு அதே பெயரில் விலைபோகிறது. தறியில் உட்கார்ந்த குடும்பத்தின் கூலி அங்கே கரைகிறது. இதைத் தனியாக எழுத வேண்டும், ஆரத்துக்குத் திரும்புகிறேன்.

எஸ்டிமேட் என்ற துண்டுச் சீட்டு

மையத்தின் அறிக்கை கையில் வந்தபின் தாய்மாமனுக்குச் சொல்லாமல் இருக்க வழியில்லை. அந்த அம்மாவே சொன்னார். அவர் கோபப்படவில்லை, பீரோவில் தேடி ரசீதைக் கொண்டுவந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு மனம் தளர்ந்துபோயிற்று. அது ரசீதே இல்லை. ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுத் தாள். எடை, அன்றைய விலை, சேதாரம், மொத்தம். கடையின் ஜிஎஸ்டி எண் இல்லை. மாற்று எழுதவில்லை. குறியீடு எழுதவில்லை. “பில் போட்டால் மூன்று சதவீதம் வரி வருகிறது, உங்களுக்கு எதற்கு வீண் செலவு” என்று கடையில் சொன்னார்களாம்.

ஹால்மார்க் நகைக்கான பில்லில் நகையின் விவரம், தங்கத்தின் நிகர எடை, காரட்டிலும் ஆயிரத்திலும் மாற்று, ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பில் கையில் இருந்தால் வாங்கியவரின் நிலை வலுவானது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளில் 49ஆம் விதி, முத்திரையில் சொன்ன மாற்றைவிடக் குறைந்திருந்தால், விற்ற எடைக்குக் குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகத் தரவேண்டும் என்கிறது. இந்த ஆரத்துக்கு 6.64 கிராமின் இரு மடங்கு, 13.28 கிராம் தங்கத்தின் விலை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். பொருளின் விலை ரூ. 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இவ்வளவு உரிமையும், எதை யாரிடம் வாங்கினோம் என்று காட்டும் ஒரு தாளின் மேல் நிற்கிறது.

நகைக்கு மூன்று விழுக்காடு வரி சிறு தொகையில்லை என்பதை மறுக்கவில்லை. 2024 விலையிலேயே ஐந்து பவுனுக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் ஆயிற்று. கல்யாணச் செலவில் அந்தப் பணம் பந்தல்காரருக்கு ஆகும். ஆனால் வரி கட்டாத விற்பனை கணக்கில் வராத விற்பனை. கணக்கில் வராத நகைக்கு என்ன முத்திரை இருந்தால் யார் கேட்பார்கள்? வரியை ஏய்க்கும் கையும் மாற்றைக் குறைக்கும் கையும் பெரும்பாலும் ஒரே கையாக இருப்பதை என் மேசையில் பலமுறை பார்க்கிறேன்.

ஒரு நல்ல காலம் இருந்தது. தாய்மாமன் தொகையில் ஒரு பகுதியைக் கைபேசி வழியாகக் கடையின் வங்கிக் கணக்குக்கு அனுப்பியிருந்தார். துண்டுச் சீட்டில் இருந்த நாளும் அந்தப் பரிமாற்றத்தின் நாளும் ஒன்று. கடையில் நகையைக் கழுத்தில் வைத்து மகள் எடுத்த படமும் கைபேசியில் இருந்தது.

கடை என்ன செய்தது

முதல் நாள் கடைக்காரர் “இது எங்கள் நகையே இல்லை” என்றார். படத்தையும் பணப் பரிமாற்றத்தையும் காட்டியபின் “மொத்த வியாபாரி ஹால்மார்க்கோடு கொடுத்ததை விற்றோம், எங்களுக்கு எதுவும் தெரியாது” என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். சிறிய, நடுத்தரக் கடைகள் பட்டறையிலிருந்தோ மொத்த வியாபாரியிடமிருந்தோ முடிந்த நகையாகத்தான் எடுக்கின்றன. தகட்டை மாற்றியவர் அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியில் இருக்கிறார் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. இருந்தாலும் தான் வாங்கும் சரக்கைச் செயலியில் ஒருமுறை பார்த்தால் ‘மோதிரம்’ என்ற சொல் கடைக்காரருக்கும் தெரிந்திருக்கும். விற்பவரின் பொறுப்பு அங்கே தொடங்குகிறது.

செயலியிலேயே புகார் பதியும் வசதி இருக்கிறது. அமைவனத்தின் கிளை அலுவலகம் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. கடையைச் சோதனையிட்டுச் சரக்கைக் கைப்பற்றும் அதிகாரம் அதற்கு உண்டு. ஹால்மார்க்கைத் தவறாகப் பயன்படுத்தினால் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் பொருளின் மதிப்பைப் போல் ஐந்து மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். புகாரை எழுதித் தயாராக வைத்திருந்தோம். அது கடைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மறுநாளே பெரியவர்கள் இருவர் சமாதானம் பேச வந்தார்கள். ஆரத்தைத் திருப்பிக் கொடுத்தால் அதே எடைக்கு 916 மாற்றில் புதிய ஆரம், முறையான பில்லோடு. சோதனைச் செலவும் தருகிறோம். புகார் வேண்டாம்.

குடும்பம் ஒப்புக்கொண்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதைப்புக்குப் பணம் வேண்டும்; சம்பந்தி வீட்டுக்குச் செய்தி போகக் கூடாது; ஆணையத்தின் படி ஏற நேரமில்லை. புதிய ஆரத்தை என்னிடம் கொண்டுவந்து உரைக்கச் சொன்னார்கள். எல்லா இடத்திலும் கோடு நின்றது. செயலியில் வகை ‘நெக்லஸ்’ என்று வந்தது. கடனும் அன்றே கிடைத்தது.

எனக்கு உறுத்துவது பழைய ஆரம். அதுதான் சாட்சி. கடைக்குத் திரும்பிய மறுநிமிடம் அது உருக்குக் கிண்ணத்துக்குள் போயிருக்கும். அதோடு மோதிரத் தகடும், அதைப் பற்றவைத்த கையின் தடயமும் போயிருக்கும். அதே பட்டறையிலிருந்து அதே முறையில் வெளிவந்த மற்ற நகைகள் எந்தெந்தப் பெண்களின் கழுத்தில் இருக்கின்றன? அவர்களும் ஏதாவதோர் ஆடியில் ஏதாவதொரு சங்கத்தின் மேசைக்கு வருவார்கள். சமாதானம் ஒரு வீட்டின் கணக்கை நேர் செய்தது; மோசடியைத் தொடவில்லை. இழப்பீட்டுக்கு ஒப்புக்கொள்கிறவர்கள்கூடப் புகாரைப் பதிந்த பிறகு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் இப்போது வற்புறுத்துகிறேன்.

என்ன மாற வேண்டும்

அந்த மோதிரத்தின் பதிவில் எடைக்கென்று ஒரு வரி இல்லை. ஹால்மார்க் மையத்தில் நகையை எடைபோட்டுத்தான் வாங்குகிறார்கள். அந்த எடையும், முத்திரையிட்டபின் எடுத்த ஒரு படமும் வாங்குபவரின் திரைக்கு வந்தால் தகடு பெயர்க்கும் தொழில் பெருமளவு படுத்துவிடும். மோதிரத்தின் எடை மூன்று கிராம் என்று வைத்துக்கொண்டால், ஆரத்தின் எடை நாற்பது. எழுத்தறியாதவரும் தராசைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். ஒரே வகை நகைக்குள் மாற்றும்போதும், சின்னச் சங்கிலியின் தகடு பெரிய சங்கிலிக்குப் போகும்போதும் வகை வரி உதவாது, எடை உதவும். தங்கத்துக்குள் சில்லு புதைக்க வேண்டாம், புதிய மை தேட வேண்டாம். ஏற்கெனவே அளக்கும் ஒன்றைக் காட்டினால் போதும்.

வெள்ளிக்கும் 2025 செப்டம்பர் 1 முதல் விருப்பத்தின் பேரில் இதே குறியீட்டு முறை தொடங்கியிருக்கிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுகளை எண்ணிப் பார்க்கிறேன். கொலுசில் கண்ணி அதிகம், பற்றுவைப்பு அதிகம், முத்திரைக்கு இடம் கொக்கியில்தான். தங்கத்தில் நடந்தது அங்கே இன்னும் எளிதாக நடக்கும்.

வாங்குகிறவர்கள் கடையிலேயே செய்யக்கூடியது அதிகமில்லை, ஆனால் அதைச் செய்துவிட வேண்டும். செயலியை உங்கள் கைபேசியில் நீங்களே திறந்து குறியீட்டைத் தட்டுங்கள். மாற்று வரியோடு நிற்காமல் வகை வரியையும் கடைப்பெயர் வரியையும் வாய்விட்டுப் படியுங்கள். கடைப்பெயர் வேறாக இருந்தால் யாரிடமிருந்து வந்த சரக்கு என்று கேட்பது உங்கள் உரிமை. முத்திரை இருக்கும் தகட்டைக் கடையின் லென்ஸிலேயே பாருங்கள். ஹால்மார்க் நகை விற்கும் கடை லென்ஸ் வைத்திருக்க வேண்டும். பில்லில் மாற்றும் நிகர எடையும் வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

கடன் கொடுக்கும் இடங்களுக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. ஐந்து பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன்களைத் தமிழ்நாடு அரசு 2021இல் தள்ளுபடி செய்தபோது நடந்த சரிபார்ப்பில், போலி நகைக்குக் கடன் கொடுத்த சங்கங்கள் வெளிப்பட்டன. உண்மையான முத்திரையோடு வரும் மாற்றுக் குறைந்த நகை அதைவிட மெல்ல நுழையும். ஆரம் வந்துபோன பிறகு என் பதிவேட்டில் இரண்டு கட்டங்களைக் கையால் கோடிட்டுச் சேர்த்திருக்கிறேன். ஒன்றில் நகையின் குறியீடு, மற்றதில் செயலி காட்டும் வகை. சங்கத்தின் அடகுச் சீட்டிலேயே அவற்றை அச்சிட்டுத் தரும்படி மேலிடத்துக்கு எழுதிய விண்ணப்பத்தில் பக்கத்துச் சங்கங்களின் மதிப்பீட்டாளர்கள் சிலரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.